பிரதோஷப் பால் எவ்வளவு? அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர் குழுவினருக்கும் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

பிரதோஷ காலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. அதற்குள் நந்திக்கும் மூலவருக்கும் அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை எல்லாம் முடிந்து பிரதோஷ நாயகர் ரிஷப வாகனத்தில் புறப்பட வேண்டும். பல ஊர்களில் இந்தத் தொண்ணூறு நிமிஷத்தில் பாதியைப் பால் பாக்கெட் வெட்டுவதே விழுங்கிவிடுகிறது. கடைசிப் பாக்கெட் தீரும்போது மணி ஆறை நெருங்கியிருக்கும். பிறகு இரண்டு குடம் தண்ணீர், அவசரமாக ஒரு துணி, ஈரத்தோடு அலங்காரம். தங்கள் பாலும் சுவாமி மேல் பட வேண்டும் என்று ஜனங்கள் நினைப்பதில் தவறில்லை. அளவை நிர்ணயிக்க வேண்டிய நீங்கள் அதைக் கூட்டத்தின் கையில் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எங்கள் குறை.

அபிஷேகம் பதினாறு உபசாரங்களில் ஒன்றான ஸ்நானம். குளிப்பாட்டினால் துவட்டத்தான் வேண்டும். பொருள்களின் வரிசையும் அதற்கேற்றபடிதான் அமைந்திருக்கிறது. முதலில் நல்லெண்ணெய்க் காப்பு. அடுத்து அரிசி மாப்பொடி, நெல்லிமுள்ளிப் பொடி, மஞ்சள் பொடி. எண்ணெய் பழைய அழுக்கை இளக்கும், மாவு அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வரும். பிறகுதான் பஞ்சகவ்யம், தேவாரம் சொல்லும் ஆனைந்து. அப்புறம் பஞ்சாமிர்தம், பால், தயிர், தேன், எலுமிச்சைச் சாறு, இளநீர், விபூதி, சந்தனம், பன்னீர். கோயிலுக்குக் கோயில் முன்பின் மாறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுத்த ஜலம் உண்டு, கடைசியில் ஜபித்து வைத்த கலச நீர் உண்டு. இந்த இரண்டும் எங்கும் மாறாது. தெய்வத்தை மந்திரத்தால் அழைத்து ஆவாஹனம் செய்திருப்பது கலசத்தில். அபிஷேகத்தின் உயிரே அந்த நீர்தான். வேடிக்கை என்னவென்றால், அது ஊற்றப்படும் நேரத்தில் பால் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிரசாத வரிசைக்குப் போயிருப்பார்கள்.

மாப்பொடியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று நந்தியின் கழுத்து மணிச் சரத்துக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். நல்லெண்ணெய் தடிப்பாகத் தங்கினால் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். அதன் மேல் பாலின் கொழுப்பும் விபூதியும் ஏறி, நகத்தால் சுரண்டினாலும் வராத கறுப்புப் பிசுக்காகிவிடும். அதை எடுக்க யாராவது சோடா உப்போ, ஆசிட்டோ, கம்பி பிரஷ்ஷோ கொண்டுவருவார். கம்பித் துணுக்குகள் கல்லின் துளைகளில் சிக்கித் துருப்பிடித்துச் செங்கறை விடும். கொதிநீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனத்தில் கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாம் இருக்கின்றன. சூடு பட்டால் இளகும். இளகிய இடத்தில் நீர் இறங்கினால் பீடத்துக்கு அடியிலுள்ள யந்திரத் தகடு வரை போகும். பன்னிரண்டு வருஷம் நிற்க வேண்டிய அந்த அஷ்டபந்தன மருந்து பாதியிலேயே விரிசல் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாப்பொடியை இரண்டு முறை சாத்தி, தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்தாலே போதும்.

உற்சவர் விஷயம் வேறு. பஞ்சலோகம் என்றாலும் அதில் பெரும்பங்கு செம்புதான். தயிரிலும் எலுமிச்சையிலும் உள்ள புளிப்பு, இளநீரிலுள்ள உப்பு இரண்டும் செம்பை அரிக்கும். ஊற்றிய உடனே கழுவினால் பாதகமில்லை. திருவாசிக்குப் பின்னால், விரலிடுக்கில், பீடத்து இதழ்களுக்குள் தங்கினால் மறுநாளே பச்சைக் களிம்பு பூக்கும். ஈரம் உலராமல் வெள்ளிக் கவசம் சாத்தினால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும், வெள்ளியும் செம்பும் உப்பு ஈரத்தில் ஒட்டியிருப்பதால். களிம்பைப் போக்கப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, ஸ்தபதி உளியால் திறந்த கண்கோடு முதலில் மழுங்கும், அடுத்து உதடு. பழைய உற்சவர்கள் பலருக்கு முகம் வழுவழுவென்று ஆனது இப்படித்தான்.

அபிஷேகத்தைக் குறைத்தால் தோஷம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மரபே குறைத்திருக்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் மணல் லிங்கம், அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான். ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் தைலக்காப்பு, திருமஞ்சனம் உற்சவருக்கு. திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கவசம் களைவார்கள். தில்லை நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறே அபிஷேகம். அங்கே தினசரி அபிஷேகம் ஸ்படிக லிங்கத்துக்கு. திருமலையிலும் உற்சவ மூர்த்திகளின் தேய்மானத்தைக் கருதிச் சில சேவைகளைச் சுருக்கினார்கள்.

ஆகவே எங்கள் யோசனை. குடும்பத்துக்கு ஓர் ஆழாக்கு பால், அதாவது சுமார் 168 மில்லி, ஒரே பாத்திரத்தில் வாங்குங்கள். முப்பது குடும்பம் என்றால் ஐந்து லிட்டர். மூன்றடி நந்திக்கு அது தாராளம். எல்லார் பாலும் சேர்ந்தே படும், யாருக்கும் மனக்குறை இராது. மிஞ்சிய பாக்கெட்டைப் பிரிக்காமல் மடைப்பள்ளிக்குக் கொடுத்தால் பால் பாயசமாக அவர்களுக்கே திரும்பி வரும். நேரத்தையும் பிரியுங்கள்: 5.20க்குப் பால் நிறுத்தம், 5.30க்குக் கலசம், பிறகு துவட்டப் பத்து நிமிஷம் முழுதாக வேண்டும். அதற்கு மூன்று பருத்தி ஒற்றாடை. மூன்றாவது நனையாமல் வெளியே வந்தால்தான் வஸ்திரம் சாத்தலாம்.

கொள்முதலில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். 'விளக்கேற்ற மட்டும்' என்று அச்சிட்ட எண்ணெய் திருமேனிக்கு ஆகாது. மஞ்சள் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டுப் பாருங்கள்: நல்லது வெளிர்நிறமாக அடியில் படியும், சாயம் கலந்தது தண்ணீர் முழுவதையும் அடர்மஞ்சளாக்கும். விபூதியை எவர்சில்வர் தட்டின் பின்பக்கம் தேய்த்தால் கீறல் விழுகிறதா? மணல் கலந்திருக்கிறது. கண்கோட்டின் மேல் அது உப்புத்தாள் வேலை செய்யும். பொடியும் சந்தனமும் வழிந்த பிறகு கோமுகியில், அதாவது அபிஷேக நீர் வெளியேறும் வாயில், பிடித்த நீரைக் குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

கோமுகி அடைத்தால் கருவறைத் தரையில் நீர் நின்று முதலில் கெடுவது அஷ்டபந்தனம்தான். பாக்கெட் வெட்டிய மூலைத் துண்டுதான் பெரும்பாலும் அடைப்பான். வெளியேறும் நீரைக் குளத்தில் விட்டால் பால் புளித்துப் பிராணவாயு குறையும், மீன்கள் சாகும். நேரே உறிஞ்சுகுழியில் விட்டால் கொழுப்பு சில மாதத்தில் குழியை மூடிவிடும். இரண்டு அறைத் தொட்டி ஒன்று கட்டி, முதல் அறையில் மிதக்கும் ஆடையை வாரம் ஒருமுறை அள்ளிவிட்டு, இரண்டாவது அறை நீரை நந்தவனத்துக்குத் திருப்புங்கள்.

வரும் பிரதோஷத்துக்கு முன் பால் அளவையும் நேரத்தையும் கொடிமரத்தடியில் பலகையாக எழுதி வையுங்கள். உபயச் சீட்டின் பின்புறமும் அச்சிடுங்கள். அர்ச்சகர் வாயால் 'போதும்' என்று சொல்ல வைக்காதீர்கள். தட்டுக் காசை நம்பி இருப்பவரால் அதைச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
அபிஷேகப் பணியிலும் திருமேனிப் பராமரிப்பிலும் இருப்பவர்கள்