நீ கேட்ட டேஷ்போர்டு கவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கார் படங்கள் வந்தன. வெளியே எடுத்த படங்களை ஒரு தடவை பார்த்தேன். உள்ளே எடுத்த படத்தைத்தான் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் குஷன் வேலை செய்த கண், சீக்கிரத்தில் விலகாது.

நம் பழைய காரில் போட்டிருந்த மாதிரியே மரூன் வெல்வெட்டில், ஓரத்தில் தங்க நிறப் பைப்பிங் வைத்து ஒரு டேஷ்போர்டு கவர் கேட்டிருந்தாய். நீ கேட்ட அன்றைக்கே துணியை எடுத்து விரித்துவிட்டேன். ஆனால் இந்தக் காருக்கு அதைத் தைக்கப் போவதில்லை, பாப்பா. போனில் சொன்னால் வேலை அவசரத்தில் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். பிறகு வேறு எங்காவது ஒன்று வாங்கிப் போட்டுவிடுவாயோ என்று எனக்குக் கவலை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தப் பழைய கவரைப் பற்றிச் சொல்கிறேன். அதை அழகுக்குப் போட்டதாகத்தான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும், அதன் மேல் சிப்பிகளை வரிசையாக அடுக்கி வைப்பாய். அடியில் என்ன இருந்தது தெரியுமா? கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் துளையின் மூலையிலிருந்து ஒரு விரிசல், முடி அளவுக்கு. கார் வாங்கிய மூன்றாவது கோடையில் வந்தது. அடுத்த கோடையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றது, உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் தெரிந்தது, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் கவர் தைத்தேன்.

விரிசல் ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள். அந்தக் காலத்து டேஷ்போர்டின் மேல்தோல் பெரும்பாலும் பிவிசி, நாம் ரெக்சின் என்கிறோமே, அந்த இனம். பிவிசி தன்னளவில் கட்டையானது. எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலந்துதான் அதை வளையும்படி ஆக்குகிறார்கள். அதற்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். வெயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே வந்துவிடும். முன் கண்ணாடியின் உட்புறத்தில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல் இருக்கும், பழைய செய்தித்தாளால் நீயும் நானும் துடைப்போமே, அதில் பெரும்பங்கு டேஷ்போர்டிலிருந்து வெளியேறிய அந்தப் பொருள்தான். அது போகப் போகத் தோல் சுருங்கும், இறுகும். அடியில் இருக்கும் சட்டம் சுருங்காது. இரண்டுக்கும் நடுவே இழுபட்டு, துளையோ மூலையோ இருக்கும் பலவீனமான இடத்தில் கிழிந்துவிடும்.

போன வாரம் நம் காரின் கவரை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். விரிசல் அன்றைக்கு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில்தான் இருக்கிறது. துணிக்கு அடியில் பழைய கரும்பழுப்பு நிறம் அப்படியே. துணி எட்டாத கண்ணாடி ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்துப் போயிருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இத்தனை வருஷம் வெயிலை அந்தத் துணி தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் உன் காருக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்பாய். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டேஷ்போர்டு என்ற பேரே காருக்கு முந்தியது. குதிரை வண்டியில் ஓட்டுகிறவரின் காலுக்கு முன்னால் நிறுத்திய பலகை அது, குளம்பு வாரியடிக்கும் சேறு மேலே படாமல் இருக்க. கார் வந்தபோது குதிரை போய்விட்டது, பலகையும் பேரும் தங்கிவிட்டன. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபீல் காரின் முன்பக்கம் அந்தப் பலகை பனிச்சறுக்கு வண்டியின் மூக்கு மாதிரி வளைந்திருக்கும். அந்தக் காரை அந்த வளைவை வைத்தே அழைத்தார்கள். 1908இல் ஃபோர்டு மாடல் டி வந்தபோதும் முன்னால் பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய இருக்கையைத் தூக்கி, டாங்கில் ஒரு குச்சியை விட்டு எடுத்துப் பார்ப்பார்களாம்.

அப்புறம் இரும்புத் தகடு வந்தது. காரின் வெளியே என்ன பெயின்டோ, உள்ளேயும் அதே பெயின்ட். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றுக்கு நான் சீட் தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதன் முன்தகட்டைத் தடவிப் பார்த்தது இன்னும் கையில் இருக்கிறது. ஒரு ஸ்பீடோமீட்டர், சில குமிழ்கள், மிச்சமெல்லாம் வழவழவென்று தகடு. 1959இல் வந்த மினியில் அதுகூட இல்லை. குறுக்கே ஒரு அலமாரித் தட்டு, நடுவில் ஒரே ஒரு வட்டக் கடிகாரம் மாதிரி மீட்டர். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். எது எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தகட்டுக்குக் கவரும் தேவையில்லை. துருப்பிடிக்கலாம், வெடிக்காது.

ஆனால் மோதலில் தலை போய் அந்தத் தகட்டில்தான் இடிக்கும். வெளியே பார்த்தால் அலங்காரம் ஏறிக்கொண்டே போன காலம் அது. 1948இல் கெடிலாக் காரின் பின்பக்கத்தில் போர் விமானத்தைப் பார்த்து வைத்த சின்ன வால், 1959இல் ஆள் இடுப்பைத் தொடும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. உள்ளேயும் குரோமியம் பளபளத்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரும்பும் கூரான குமிழ்களும் முகத்துக்கு நேராக இருந்தன. 1956இல் ஃபோர்டு நிறுவனம் மெத்தை வைத்த டேஷ்போர்டை விருப்பமுள்ளவர்களுக்குக் கூடுதல் விலையில் கொடுத்தது. 1968 முதல் அமெரிக்காவில், உள்ளே இருப்பவர் மோதினால் காயம் குறையும்படி டேஷ்போர்டு இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. அப்படித்தான் ஸ்பாஞ்சும் மேல்தோலும் எல்லாக் காருக்குள்ளும் நுழைந்தன.

இதை நான் தொழிலுக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் கோத்துப் பார்த்தேன். தலை இடிக்காமல் இருக்க மெத்தை வந்தது. மெத்தையின் தோல் வெயிலில் வெடித்ததால் எங்களுக்குக் கவர் வேலை வந்தது. இரும்புத் தகடே நீடித்திருந்தால் டேஷ்போர்டு கவர் என்று ஒரு பொருளே பிறந்திருக்காது.

கவர் தைக்கிறவளுக்குக் கார்களின் காலம் துணியிலேயே தெரியும். பெட்டி மாதிரி நேர்க்கோடாகக் கார் செய்த காலத்தில் டேஷ்போர்டும் மேஜை மாதிரி தட்டையாக இருந்தது. ஒரே துண்டுத் துணி போதும், அரை நாள் வேலை. பிறகு எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டன. மீட்டருக்கு மேல் ஒரு மேடு, நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு சரிவு. துணி எங்கே வைத்தாலும் சுருக்கம் விழும். காகிதத்தை ஒட்டி ஒட்டி மாதிரி எடுத்து, ஐந்தாறு துண்டாக வெட்டி, ரவிக்கைக்குப் பிடிப்பது போல மடிப்புப் பிடித்துத் தைப்பேன்.

அப்போதே இன்னொரு மாற்றமும் நடந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபின் பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் காரைக் காற்றுக்கு ஏற்றபடி வடித்தார்கள். காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு, குறையக் குறைய நல்லது. 1982இல் வந்த ஆடி 100 காரின் காற்றுத்தடை எண் 0.30 என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. காற்று வழுக்கிப் போக வேண்டுமென்று முன் கண்ணாடியைச் சாய்த்தார்கள். கண்ணாடி சாயச் சாய அதன் அடி முன்னால் போனது, டேஷ்போர்டின் மேல்தட்டு அகன்றது. மினியில் கையை நீட்டினால் கண்ணாடியைத் தொடலாம். உன் காரில் உடம்பை வளைத்தாலும் அடிமூலை எட்டாது, படத்திலேயே தெரிகிறது. அந்த அகலமான தட்டு முழுக்க வெயில் விழுகிறது. அது மட்டுமல்ல, அந்தத் தட்டில் என்ன இருந்தாலும் அதன் பிம்பம் சாய்ந்த கண்ணாடியில் ஏறி, சாலைக்கு மேல் மிதக்கும். தட்டின் மேற்பரப்பைப் பெரும்பாலும் மங்கலான கறுப்பில் செய்வது இதனால்தான். நீ கேட்ட தங்க நிறப் பைப்பிங் பகல் முழுக்க உன் கண்ணுக்கு நேரே ஒரு கோடாக நிற்கும். மழை நேரத்தில், எதிர்வெயில் நேரத்தில் அது எவ்வளவு தொந்தரவு என்று யோசித்துப் பார்.

அதையாவது கறுப்புத் துணி போட்டுச் சரி செய்யலாம். சரி செய்யவே முடியாதது ஏர்பேக், மோதும்போது சட்டென்று விரிந்து ஆளைத் தாங்கும் காற்றுப் பை.

அமெரிக்காவில் 1998 மாடலிலிருந்து கார்களில் முன்னால் இருவருக்கும் ஏர்பேக் கட்டாயம். மற்ற நாடுகளிலும் பரவிவிட்டது. ஓட்டுகிறவருக்கு ஸ்டீயரிங்கில் இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவருக்கு டேஷ்போர்டுக்குள். ஆரம்பத்தில் அதன் மூடி தனியாகத் தெரியும், சுற்றிலும் கோடு இருக்கும். இப்போது பல கார்களில் கோடே தெரியாது. மேல்தோலின் உட்புறத்தில் கீறி வைத்திருப்பார்கள், மோதும்போது அந்தக் கீறலில் பிளந்து பை வெளியே வரும். ஒரு வினாடியை முப்பதாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஏறத்தாழ அவ்வளவு நேரத்துக்குள் அது விரிந்துவிட வேண்டும். அதன் மேல் வெல்க்ரோவோ பசையோ போட்டு இறுக்கிய துணி இருந்தால் பை நேராக வருமா, பக்கவாட்டில் போகுமா, துணியையும் சேர்த்து முகத்தில் அடிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதை உனக்கு ஒரு காரணத்தோடுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஏர்பேக் வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு காருக்குக் கதவு முதல் கதவு வரை முழுக் கவர் தைத்து, நான்கு மூலையிலும் இறுக்கி ஒட்டிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து வேறொரு காரின் கையேட்டைப் புரட்டியபோது, அந்தப் பகுதியை மூடக்கூடாது, அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் அந்தக் காரின் சொந்தக்காரரைத் தேடிப் போய், நானே கவரைக் கழற்றி, பசையைச் சுரண்டிவிட்டு வந்தேன். அந்தக் காரில் முன் இருக்கையில் அவருடைய மகள் உட்காருவாள்.

ஏர்பேக் மூடிக்கு இடம் விட்டு, அந்தந்த மாடலுக்கென்றே வெட்டிய கவர்கள் உண்டு. மூடி தெளிவாகத் தெரியும் கார் என்றால் நானே தைத்துத் தருவேன். உன் காரில் மூடி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எவ்வளவு பெரிதாக்கியும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் கத்தரி வைக்க மாட்டேன்.

படத்தில் கண்ணாடி ஓரமாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது, பார்த்தாயா? வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று ஏசிக்குச் சொல்லும் சென்சார் அங்கேதான் வைப்பார்கள். விளக்கு தானாக எரிவதற்கான சென்சாரும் பல கார்களில் அந்தப் பக்கமே இருக்கும். துணி மூடினால் பட்டப்பகலில் விளக்கு எரியும், ஏசி குழம்பும்.

உன் காரில் இருக்கும் அந்தப் பெரிய திரையைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருந்தாய். தொடுதிரை ஒன்றும் நேற்று வந்ததில்லை, 1986இலேயே பியூக் ரிவியேரா காரில் இருந்தது. 2012இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தபின் எல்லோரும் அந்த வழியில் போனார்கள். 2021இல் மெர்சிடிஸ் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை, 141 சென்டிமீட்டருக்கு ஒரே கண்ணாடியாக வைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தையல் மிஷினில் கண் துணியில் இருக்கும்போது கை தானாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். குமிழும் அப்படித்தான், கண் சாலையில் இருக்கும்போது கை அதைக் கண்டுபிடிக்கும். திரையை விரலால் தேட முடியாது, பார்த்துத்தான் தொட வேண்டும். ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ தண்டோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லியிருக்கிறது. அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. நீ ஓட்டும்போது எதையாவது மாற்ற வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்திவிட்டு மாற்று, பாப்பா.

டேஷ்போர்டு கெட்டுப்போகாதா என்று நீ கவலைப்பட வேண்டாம். இப்போது பல கார்களில் பிளாஸ்டிசைசர் தேவைப்படாத தோல் வகைகளைப் போடுகிறார்கள், முன்போல அவ்வளவு சீக்கிரம் வெடிப்பதில்லை. வெயிலைத்தான் குறைக்க வேண்டும். 2018இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடும் கோடையில் கார்களை நிறுத்திவைத்து அளந்தார்கள். ஒரு மணி நேர வெயிலில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது, ஸ்டீயரிங் 53, இருக்கை 51. காரிலேயே அதிகம் சுட்டது டேஷ்போர்டுதான். நிழலில் நிறுத்திய காரில் அதே டேஷ்போர்டு 48தான். அதனால் முடிந்தபோதெல்லாம் நிழலில் நிறுத்து, இல்லையென்றால் காரின் பின்பக்கம் வெயிலுக்கு இருக்கட்டும். துடைக்க ஈரத்தைப் பிழிந்த மென்துணி போதும். பளபளப்பாக்கும் எண்ணெய், பாலிஷ் எதுவும் தடவாதே, கண்ணாடியில் அத்தனையும் எதிரொளிக்கும்.

துணியை வீணாக்கப் போவதில்லை. நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு உட்புறமாக வைக்கும் ஒரு மறைப்பு தைக்கிறேன். கண்ணாடி பக்கம் வெள்ளித் தாள், உன் பக்கம் அந்த மரூன் வெல்வெட், சுற்றிலும் நீ கேட்ட பைப்பிங். ஓட்டும்போது மடித்துப் பின் இருக்கையில் போட்டுவிடலாம். கண்ணாடியின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் உட்புறமாக அளந்து அனுப்பு. உயரத்தை நடுவில் அளந்தால் போதும். பின்னால் பார்க்கும் கண்ணாடியின் காம்பு மேல் விளிம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதும் வேண்டும், அங்கே ஒரு வெட்டுக் கொடுக்கணும். டேப்பைத் தொங்கவிடாமல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து அள.

அன்புடன்,
உன் அம்மா