வெளியே நிறுத்தச் சொன்னால், எங்கே நிறுத்துவது?

சிங்கப்பூரில் கார் இறக்குமதி செய்யும் முகவர்களுக்கும் பழைய கார் வியாபாரிகளுக்கும்,

வணக்கம். ஈசூனில் இருந்து, ஏழு வருடப் பழைய கார் ஒன்றை ஓட்டுகிறவன் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு மழை நாளில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. ஏசியை அணைத்தும் போகவில்லை. காக்கி புக்கிட்டில் தெரிந்த மெக்கானிக் பேனலைக் கழற்றிக் காட்டினார். ஒயர்க்கட்டு ஒன்று இரும்புப் பட்டையில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. "இதுக்கு ரீகால் இருக்கே அண்ணே, லெட்டர் வரலையா?" என்றார். ரீகால் என்றால், குறை உள்ள வண்டிகளைத் தயாரித்தவர்களே திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்து தருவது.

வந்திருக்கிறது, எனக்கு முன்னால் வைத்திருந்தவருக்கு. அவர் வியாபாரியிடம் விற்றார், வியாபாரி எனக்கு விற்றார். டயருக்குக் கறுப்பு பூசி, சீட்டைக் கழுவி, வாசனை அட்டை தொங்கவிட்டுத்தான் கொடுத்தார். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

சரி என்று முகவருக்கு ஃபோன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். பாகம் வர மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை கட்டடத்துக்குள் வேண்டாம், வெளியே நிறுத்துங்கள் என்றார்கள்.

இந்த அறிவுரை எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 3.37 மில்லியன் வாகனங்களைத் திரும்பப் பெற்றபோதும் இதையேதான் சொன்னார்கள். பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் திரவம் கசிந்து ஷார்ட் ஆகலாம், எஞ்சினை அணைத்த பிறகும் தீப்பிடிக்கலாம் என்பது பிரச்சினை. சாவியை எடுத்தால் கரண்ட் முழுதும் நின்றுவிடாது. பேட்டரியிலிருந்து சில ஒயர்களில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே பலருக்கு வீட்டு முன்னால் சிமெண்டுத் தரை இருக்கிறது. நம்மில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் இருப்பது வீவக, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில். எங்களுக்கு 'வெளியே' என்பது பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிதான். ஒவ்வொரு ராத்திரியும் அங்கே ஏற்றிவிட்டு வருகிறேன். "கருவாடு காயப் போட்டாச்சா?" என்று கேட்கிறாள் மனைவி. அதுவும் கட்டடத்தின் தலைமேல்தான், கீழே ஆறு மாடிக்கு வண்டிகள்.

பாகம் இல்லையென்றால் தற்காலிக வழி ஒன்றைச் செய்து கொடுங்கள். உரசும் இடத்தில் உறை போட்டுக் கட்டலாம், ஆபத்தான இணைப்பைக் கழற்றலாம். மேலே சொன்ன அமெரிக்க விவகாரத்தில் தீர்வாக அறிவித்ததே ஃபியூஸை மாற்றுவதுதான். அதுவும் முடியாத வண்டி என்றால் உங்கள் இடத்தில் வைத்துக்கொண்டு மாற்று வண்டி தாருங்கள். செலவு என்பீர்கள். கார் வைத்திருக்கும் உரிமைக்கே சிஓஇ என்று பெரிய தொகை கட்டியவனிடம் செலவைப் பற்றிப் பேசாதீர்கள்.

பழைய கார் வியாபாரிகளே, விற்பதற்கு முன் சேசிஸ் எண்ணைக் கொடுத்து முகவரிடம் கேட்க எவ்வளவு நேரமாகும்? பதிலை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாலைக் கட்டணம் வசூலிக்கும் புதிய இஆர்பி கருவி பொருத்த வேண்டியிருந்தபோது, வண்டி இன்று யாரிடம் இருக்கிறதோ அவருக்கே தகவல் வந்து சேர்ந்தது. தீப்பிடிக்கக்கூடிய ஒயருக்கு மட்டும் ஏன் பழைய முகவரி?

அப்புறம் அந்தக் கடிதத்தின் மொழி. 'வயரிங் ஹார்னஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினால், கம்பெனி லாரி ஓட்டும் தம்பிக்கு என்ன புரியும்? அது அவன் கைக்கே வராது, ஆபீஸ் மேசையில் கிடக்கும். 'இந்த வண்டியில் தீப்பிடிக்கலாம்' என்று நான்கு மொழியிலும் முதல் வரியில் போடுங்கள்.

என் பாகம் என்றைக்கு வரும் என்று எழுத்தில் தேதி கொடுங்கள். அதுவரை வண்டி உங்கள் பட்டறையில் நிற்கட்டும். சாவியை நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மொட்டைமாடியில் கார் நிறுத்தும் ஈசூன்வாசி