ப்ராப் 7-க்கு "நோ" போடு

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
அக்டோபர் 2008

அன்புள்ள மகளுக்கு,

சூரிய மின்சாரமும் காற்றாலையும் பெருக வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. அந்த அக்கறையோடுதான், நவம்பர் 4 தேர்தலில் நம் மாநில மக்கள் நேரடியாக வாக்களிக்கப்போகும் சட்ட முன்மொழிவான ப்ராப் 7-க்கு "நோ" போடச் சொல்கிறேன். மின் நிறுவனங்கள் தரும் மின்சாரத்தில் சூரியன், காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 2020-க்குள் 40 சதவீதம், 2025-க்குள் 50 சதவீதம் என்ற இலக்கைப் பார்த்தால் யாருக்கும் "எஸ்" போடத்தான் தோன்றும். கோளாறு உள்ளே இருக்கும் விதிகளில்.

அபராதத்தையே எடுத்துக்கொள். இன்றைய விதிப்படி, பெரிய தனியார் மின் நிறுவனம் இலக்குக்குக் குறைவாக வாங்கினால் குறைந்த யூனிட் ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் கட்ட வேண்டும். ஆனால் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர்தான் உச்சவரம்பு. ப்ராப் 7 அந்த வரம்பை எடுத்துவிடுகிறது, கூடவே 5 சென்ட்டை 1 சென்ட் ஆக்கிவிடுகிறது. 50 கோடி யூனிட் குறைந்தால் இன்று 2.5 கோடி டாலர். புது விதியில் 50 லட்சம்தான். 250 கோடி யூனிட் குறையும்போதுதான் இரண்டும் சமமாகும். அதுவரை எந்தக் குறைவுக்கும் புது அபராதம் இன்றையதைவிட லேசு. வரம்பை மட்டும் நீக்கி 5 சென்ட்டை அப்படியே விட்டிருந்தால் உறைத்திருக்கும்.

அடுத்தது விலை. சந்தை விலைக்கு மேல் 10 சதவீதத்துக்குள் கிடைத்தால்தான் அந்த மின்சாரத்தை வாங்கும் கட்டாயம். அதைத் தாண்டினால் கட்டாயம் இல்லை, அங்கேயே இலக்கு வெறும் எழுத்தாகிவிடும். இன்னொரு பக்கம், மலிவாகத் தரக்கூடியவனும் அந்த 10 சதவீதத்தைத் தொடும்வரை விலை கேட்பான். ஒப்பந்தமோ பெரும்பாலும் 20 ஆண்டுக்கு. இங்கே சந்தை விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இயற்கை எரிவாயு. ஜூலையில் உச்சத்தில் இருந்த எரிவாயு விலை இப்போது கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிட்டது. இப்படி ஏறி இறங்கும் ஒன்றை அளவுகோலாக வைத்தால் எந்த வங்கி நம்பிக் கடன் கொடுக்கும்?

கட்டணம் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்த ஒரு பிரிவுகூட உள்ளே இல்லை. வாக்காளர் கையேட்டில் எந்தக் கட்சியையும் சாராத சட்டமன்ற ஆய்வாளரே இதைச் சொல்லியிருக்கிறார், அந்தப் பக்கத்தை நீயே படித்துப் பார்.

எனக்கு அதிகம் கவலை தருவது 30 மெகாவாட் விஷயம். புது வரையறையில் "30 மெகாவாட் அல்லது அதற்கு மேல்" என்று போட்டிருப்பதால், சிறிய நிலையங்களின் மின்சாரம் இலக்குக் கணக்கில் சேராமல் போகலாம் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். எங்கள் நோக்கம் அதுவல்ல என்கிறார்கள் ஆதரவாளர்கள். நோக்கம் எதுவானாலும் நீதிமன்றம் பார்ப்பது எழுத்தைத்தான். வழக்கு முடியும்வரை சிறு சூரிய நிலையம், சாண எரிவாயு நிலையம் போடுகிறவர்களுக்கு யார் பணம் போடுவார்கள்?

பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்பாய். அதற்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: கீழவையில் 54, மேலவையில் 27. இதே மூன்றில் இரண்டு கிடைக்காமல்தான் இந்த ஆண்டு மாநில பட்ஜெட் செப்டம்பர் கடைசி வரை இழுத்தது.

பிஜி அண்ட் ஈ, எடிசன் போன்ற பெரிய தனியார் மின் நிறுவனங்கள் எல்லாம் பணம் கொட்டி எதிர்க்கின்றனவே என்று உனக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் சியரா கிளப், இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம், அக்கறையுள்ள விஞ்ஞானிகள் சங்கம் ஆகிய சுற்றுச்சூழல் அமைப்புகளும் "நோ" என்கின்றன. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டுமே எதிர்க்கின்றன. மின் நிறுவனங்களின் காரணம் வேறு, இவர்களின் காரணம் வேறு.

உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி மின்துறையையும் இலக்குக்குள் கொண்டுவருவது இதில் உள்ள நல்ல அம்சம். இன்று நகராட்சி நிறுவனங்கள் தங்கள் இலக்கைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ஆனால் அதைச் சாதாரணச் சட்டத்திலேயே செய்யலாம். பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கும் மாநிலச் சட்டமான ஏபி 32-க்கான வரைவுத் திட்டத்தில், மாநிலக் காற்று வாரியம் 2020-க்குள் 33 சதவீதம் என்று ஏற்கெனவே பரிந்துரைத்திருக்கிறது. உண்மையான முட்டுக்கட்டை மின்பாதை. தெஹாச்சப்பி மலையில் காற்றுக்குக் குறைவில்லை, அதை நகரத்துக்குக் கொண்டுவரக் கம்பிதான் போதவில்லை. இலக்கை உயர்த்தினால் மட்டும் கோபுரங்கள் எழுந்துவிடாது.

தபால் வாக்கை நவம்பர் 4 அன்று தபால் பெட்டியில் போட்டால் செல்லாது. அன்று இரவு 8 மணிக்குள் தேர்தல் அலுவலகத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரமில்லை என்றால் உன் கவுண்டியில் எந்த வாக்குச்சாவடியிலும் கொடுக்கலாம். உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதே.

அன்புடன்,
அப்பா