மச்சி, உன் லெவன் பாக்கத்தான் பயங்கரம்

டேய் மச்சி,

உன் லெட்டர் வந்துச்சு, பொண்ணு காலேஜ் சேந்ததுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்டா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சரி, எல்லா காலத்து ஃபுட்பால் ஆளுங்களையும் வச்சு நாம ரெண்டு பேரும் ஆடற கற்பனை மேட்ச்சுக்கு நீ அனுப்பின டீமுக்கு வரேன். பேலே, மரடோனா, மெஸ்ஸி, காரிஞ்சா நாலு பேரையும் ஒண்ணா எறக்கிட்டு பின்னாடி ரெண்டே ரெண்டு மிட்ஃபீல்டரா? பந்து என் டீம் கால்ல இருக்கறப்போ உன் ஆளுங்கள்ல யாருடா ஓடி வந்து பறிப்பாங்க? அதுவும் போக மெஸ்ஸி, மரடோனா ரெண்டு பேருமே எடக்காலு, ரெண்டு பேருக்கும் கோல் முன்னாடி இருக்கற பெனால்டி பாக்ஸுக்கு வெளிய உள்ள அதே எடம்தான் வேணும்.

மரடோனா மேல நான் ஒரு ஆள ஒட்ட விடுவேன்னு எழுதியிருக்க, சத்தியமா மாட்டேன். 1982 வேர்ல்ட் கப்ல இத்தாலி டிஃபெண்டர் ஜென்டீலே அவன் சட்டையப் புடிச்சு இழுத்து ஒதச்சு அடக்குனான், இன்னிக்கு ரெஃப்ரி அதுக்கு ரெட் கார்டு குடுத்துருப்பாரு. 86 வேர்ல்ட் கப் ஃபைனல்ல மேற்கு ஜெர்மனியோட மத்தேயுஸ் முக்கால்வாசி மேட்ச் நல்லாதான் புடிச்சு வச்சான், ஆனா 2-2ல இருக்கும்போது மரடோனா ஒரே ஒரு பாஸ் குடுத்தான், அர்ஜென்டினாவோட புருச்சாகா ஓடிப்போய் கோல் போட்டுட்டான், கப் போச்சு.

ஆள தொரத்துனா என்ன ஆகும்னு 1970 வேர்ல்ட் கப் ஃபைனல்ல இத்தாலிக்கு எதிரா பிரேசிலோட நாலாவது கோலப் பாரு. ஜைர்சின்யோ ரைட் விங்கர், ஆனா அந்த நேரம் எடது பக்கம் வந்துட்டான், அவன புடிக்க வேண்டிய இத்தாலி டிஃபெண்டர் ஃபக்கெட்டியும் விடாம அவன் பின்னாடியே போயிட்டான், அந்தப் பக்கம் மொத்தமும் காலி, பேலே அவசரமே படாம பந்த சைடுல உருட்டி விட கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடி வந்த வேகத்துலயே ஒரே அடி. எப்பப் பாத்தாலும் சிலிர்க்குதுடா!

அதனால என் டிஃபென்ஸ் கோச் சாக்கி காலத்து இத்தாலி கிளப் மிலன் மாதிரிதான். டிஃபென்ஸ் தலைவன் பரேசி கைய தூக்குனா எதிராளிய ஆஃப்சைட்ல மாட்ட வைக்க நாலு டிஃபெண்டரும் ஒண்ணா முன்னாடி ஏறணும், அவங்களுக்கு முன்னாடி மிட்ஃபீல்டுல ரைக்கார்ட், மரடோனா எங்க திரும்புனாலும் எடமே இருக்கக்கூடாது. 1989ல ரியல் மாட்ரிட்ட 5-0 அடிச்ச டீம் அது, சும்மா இல்ல. உன் ரைட் விங்கர் காரிஞ்சா, என் லெஃப்ட் பேக் மால்தினி சண்ட மட்டும் எனக்கே தெரியல, ரெண்டு பக்கமும் சமம்னு வச்சுக்கோ.

ஆனா எந்த ரூல்ல ஆடறோம்னு மொதல்ல பேசி முடிக்கணும். 1990க்கு முன்னாடி கடைசி டிஃபெண்டருக்கு நேரா நின்னாலே ஆஃப்சைட், அதாவது அவனுக்கு பாஸ் குடுத்தா செல்லாது, இப்ப அது ஆன்சைட், பாஸ் செல்லும். பழைய ரூல்னா பேலேவ நான் ஈஸியா மாட்ட வைப்பேன், புது ரூல்னா எனக்கும் கொஞ்சம் பயம்தான்.

முன்னாடி என் ஃபார்வர்டு க்ரைஃப் கோல்கிட்ட நிக்கவே மாட்டான், எறங்கி எறங்கி வருவான். உன் சென்டர் பேக் பாபி மூர் பின்னாலயே வருவானா, இல்ல எடத்துலயே நிப்பானா? 1953ல வெம்ப்ளில ஹங்கேரி ஃபார்வர்டு ஹிடெகுட்டி இதே கேள்விய போட்டுதான் இங்கிலாந்த கொழப்புனான், ஹாட்ரிக் வேற அடிச்சான், ஹங்கேரி 6-3.

நான் சொல்றத கேளு, மெஸ்ஸிய வெளிய ஒக்கார வச்சுட்டு பந்த பறிக்கற மிட்ஃபீல்டர் மக்கலேலேவ போடு, காரிஞ்சாவ மட்டும் தொடாத. அந்த டீம் வந்தா நான் நெஜமாவே யோசிக்கணும்டா. சீக்கிரம் எழுது.