ஜோஹானஸ்பர்கிலிருந்து அப்பாவுக்கு

ஜோஹானஸ்பர்க்
ஏப்ரல் 27, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் பாதி நேரம் சாப்பாட்டிலும் மருந்து மாத்திரையிலும் போய்விடுகிறது. "இந்தியாவிலிருந்து வந்தவள் என்றால் அங்கே உன்னை எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டீர்களே, அதற்கு இன்றுதான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். இங்கே இன்று சுதந்திர தினம். ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டதால் நாளையும் விடுமுறை.

1994-ல் இதே நாளில்தான் இந்த நாட்டில் எல்லா நிறத்தவரும் முதன்முறையாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில், ஓய்வு பெறப் போகிற ஓர் அம்மா இருக்கிறார். அந்தக் காலத்தில் கறுப்பினத்தவர்களை ஒதுக்கிவைத்திருந்த சொவெட்டோ பகுதிக்காரர். அன்று வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போது இன்னும் அவர் குரல் கம்மிப்போகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, "நீங்கள் எங்களோடு நின்றவர்கள்" என்றார்.

அது உபசார வார்த்தை இல்லை, அப்பா. இங்கிருந்த நிறவெறிக்கு எதிராக இந்தியா உண்மையிலேயே நின்றது. 1946-ல் நமக்கே சுதந்திரம் வந்திருக்கவில்லை. அப்போதே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டோம், எல்லா நாடுகளுக்கும் முன்னால். இங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதம் பற்றி அதே ஆண்டு ஐ.நா.வில் புகார் எழுப்பியதும் நாம்தான். 1967-ல் மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் டெல்லியில் அலுவலகம் திறந்தது. தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டிலேயே போட்டிருக்கும். உங்களுடையதை எடுத்துப் பாருங்கள்.

1974 டேவிஸ் கோப்பை டென்னிஸை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விஜய் அமிர்தராஜும் அவர் அண்ணன் ஆனந்தும் நல்ல ஆட்டத்தில் இருந்த நேரம். இறுதிப் போட்டிக்கே வந்தாகிவிட்டது. எதிரில் தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியதால் கோப்பை ஆடாமலேயே அவர்களுக்குப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதில் அந்த ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் அதுதான் சரியான முடிவு என்று இங்கே வந்தபின் உறுதியாக நினைக்கிறேன். கணக்குப் பிரிவு அம்மாவின் பேச்சில் எனக்குக் கிடைத்த மரியாதை அப்படி விட்டுக்கொடுத்தவர்கள் சம்பாதித்து வைத்தது.

போன மாதம் அரசியல் சட்ட நீதிமன்றத்தைப் பார்க்கப் போனேன். பழைய கோட்டைச் சிறை இருந்த இடத்தில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். காந்தியும் மண்டேலாவும் வெவ்வேறு காலத்தில் அடைபட்டிருந்த வளாகம் அது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கற்களையே நீதிமன்றச் சுவருக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று இருந்தது. உள்ளே நீதிபதிகளின் மேடைக்கு முன்பக்கம் மாட்டுத்தோல் போர்த்தியிருக்கிறார்கள், ஒன்றின் புள்ளிகள் இன்னொன்றில் இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு ஜன்னல். வெளியே தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரிகின்றன. செருப்பு, பூட்ஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

தூதரக உறவு திரும்பவும் தொடங்கியது 1993 நவம்பரில்தான். 1995 குடியரசு தினத்துக்கு மண்டேலா டெல்லிக்கு வந்தார். அப்புறம் ஒப்பந்தங்கள், மாநாடுகள், பிரிக்ஸ் என்று நிறைய. அதெல்லாம் நீங்கள் பத்திரிகையில் படிப்பதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2024 ஜூன். இரண்டாம் தேதி இங்கே தேர்தல் முடிவு வந்தது, நான்காம் தேதி அங்கே இந்தியாவில். இங்கே 30 ஆண்டுகளாக ஆண்ட கட்சி பெரும்பான்மையை இழந்தது. அங்கேயும் ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டு இடத்திலும் பேசிக் கூட்டணி அமைத்தார்கள். இத்தனை ஏழைகள், இத்தனை மொழிகள் உள்ள இரண்டு நாடுகளில் இது சாதாரண விஷயமா?

எல்லாம் இனிப்பு என்று எழுத மாட்டேன். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பன் பக்கம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் ஃபீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அந்தக் காயம் ஆறவில்லை. இரண்டு அரசுகளும் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பக்கத்துத் தெருக்களும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு இங்கே நிறையப் பேர் பாடுபடுகிறார்கள்.

உங்களுக்குப் பிடித்த ஒன்று சொல்கிறேன். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் தமிழ் இருக்கிறது! ஆட்சிமொழியாக இல்லை, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. எனக்குக் காட்டியவர் பக்கத்து மேஜைக்காரர், கோவேந்தர் குடும்பம். 1860-லிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலில் வந்தவர்களின் வழி. தமிழ் பேச வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க டர்பன் போகத் தவறுவதில்லை.

செப்டம்பரில் நீங்கள் இருவரும் வருவதற்கு விசா வேலையைத் தொடங்கிவிட்டேன். முதலில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை, இங்கே பிராம்ஃபோன்டீனில்தான் இருக்கிறது. அப்புறம் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் பார்க்கப் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கிருந்து டர்பன். அம்மாவின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்து, முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்