அறுக்கும் முன்னே

கண்ணு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மா சர்க்கரை அளவை நீ சொன்னபடி போனில் கூகுள் கீப் குறிப்பில் தினமும் போடுகிறாள். அதில் நீ ஒரு வரி எழுதி 23 நாள் ஆகிறது. வேலை ஜாஸ்தியாக இருக்கும், சரி.

மோட்டாருக்குக் காயில் கட்டின கணக்கு இருக்கிற கடை நோட்டுகளையும் அதிலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 11 நோட்டு, வார்னிஷ் கறையோடு. தட்ட வரவில்லை, மைக்கை அமுக்கிச் சொல்கிறேன். 'சுத்து' என்றால் 'சொத்து' என்று போடுகிறது. இருந்தால்தானே!

போன வாரம் ஒரு 5 எச்பி மோட்டார் மறுபடி எரிந்து வந்தது. காயில் உட்காரும் காடிக் கணக்கையும் சேர்த்து '5 எச்பி 36 ஸ்லாட்' என்று தேடினேன். வேறு வேறு வருஷம், வேறு வேறு நோட்டில் எழுதின நாலு மோட்டாரும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. மூன்றில் காயிலுக்கு 38 சுத்து கம்பி, இதில் மட்டும் 33. சுத்து குறைந்தால் கரண்ட் கூட இழுக்கும், சூடேறும், எரியும். இத்தனை நாள் வோல்டேஜைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்தில் வைத்துக் காட்டியது. அதுவே போதுமாக இருந்தது. நீ சொல்லிக்கொடுத்த வித்தை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சொல்லிக்கொடுத்தவனுக்குத்தான் போன் எடுக்க நேரமில்லை.

அந்த மோட்டார் தோட்டத்து மாமாவுடையது. பிளஸ் ஒன் லீவில் நீ சுத்து எண்ணிச் சொன்னது. அது எரிந்தபோது, கம்பிக்கு உறையான ஸ்லீவ் சரியாகப் போடவில்லை என்று ஆள் முன்னால் உன் மேல் கைநீட்டினேன். அதற்கப்புறம் நீ கடைப்படி ஏறவில்லை. நோட்டுக்குள் உன் அட்டைத்துண்டு இருக்கிறது. 38 என்றுதான் எழுதியிருக்கிறாய். எட்டை மூன்றாக்கியது நான். 33 போட்டே திரும்பவும் கட்டியிருக்கிறேன். உன் பேரில் தப்பில்லை கண்ணு.

கீப்பில் உன் 'யோசிக்க' குறிப்பும் எனக்கு வருகிறது, தெரிந்து அனுப்பினாயோ தெரியாமலோ. கேள்வி மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். ஆனால் பழைய காயிலை அறுக்கும் முன்னே எண்ணி எழுதிக்கொள். எத்தனை சுத்து, எந்த முனை எங்கே போகிறது, எல்லாம். அறுத்த பிறகு எண்ண முடியாது. எதுவானாலும் அறுக்கும் முன்னே எழுது.

அம்மா நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். கூரியரில் அனுப்ப வேண்டும். அட்ரஸ் பழையதுதானே? கீப்பிலேயே எழுதிவிடு, போன் பண்ண வேண்டாம்.

அப்பா