ஓட்டு இல்லை, ஆட்சேபம் உண்டு

அன்பு பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

மெல்பர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக அம்மா சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

"ஓட்டே போட முடியாத மாநகர் மன்றத்துக்கு நீங்க ஏன்ப்பா இப்படி அலையிறீங்க?" என்று போனில் கேட்டாயே, அதற்குத்தான் இது. நீ கேட்டது நியாயம்தான். இங்கே மலேசியாவில், நம்ம பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1951-லேயே முனிசிபல் தேர்தல் நடந்தது. 1957-ல் மாநகரான பிறகு மேயரானவர்களில் நம்ம ஆள் டி.எஸ். ராமநாதனும் ஒருவர்; அவர் பேரில் ஒரு சாலையே இருக்கிறது. 1965-ல் இந்தோனேசியாவோடு மோதல் என்று தேர்தலை நிறுத்தியவர்கள், 1976 உள்ளாட்சிச் சட்டத்தில் அடியோடு எடுத்துவிட்டார்கள். 2012-ல் பினாங்கு அரசு மறுபடி நடத்தப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கவுன்சிலர்கள் இன்றும் நியமனம்தான்.

ஆனால் பின் வரிசைக் காலி நிலத்தில் மாடிக் கட்டடம் எழுப்பப் போகிறோம் என்று வீட்டுக்கு நோட்டீஸ் வந்ததே, அதற்கு என்ன செய்வது? எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறாத இடமென்றால், பக்கத்து நிலக்காரர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், நேரில் பேசவும் கேட்கலாம். வாடகைக்காரர்களுக்கு நோட்டீசே வராது. தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அவர்கள்தான், இது என்ன கணக்கோ! நம் வரிசையில் பாதிப் பேர் அந்தக் கடிதத்தைக் கரண்டு பில்லோடு சொருகி வைத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் எடுக்க வைத்தேன்.

ஆட்சேபங்களைக் கேட்ட விசாரணையில் வளர்ச்சி, பசுமை என்றெல்லாம் பேசியவர்களை அதிகாரி தலையாட்டிக் கேட்டார், அவ்வளவுதான். மூலை வீட்டுச் சீன ஆன்ட்டி மட்டும் பேசவே இல்லை. கடல் ஏறும் நேரத்தில் லோங்காங் (தெருவோரச் சாக்கடைக் கால்வாய்) நிரம்பி, அவர் வீட்டு இரண்டாவது படியில் செருப்பு மிதக்கும் படங்களைத் தேதி எழுதி மேசையில் பரப்பினார். அதிகாரி பேனாவை எடுத்தது அப்போதுதான்.

கட்டடத்தைத் தடுக்க முடியவில்லை, வரத்தான் போகிறது. ஆனால் லோங்காங்கை அகலப்படுத்திய பிறகே வேலை தொடங்க வேண்டும் என்று அனுமதியில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஓட்டு இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

அப்புறம், நிபந்தனைப்படி வேலை நடக்கிறதா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். என் மலாய் உனக்குத் தெரியுமே. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடு.

அன்புடன்,
அப்பா